வெளியே பூட்டு, உள்ளே ஆள்

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்த உங்கள் பயிற்சி வகுப்பின் கடைசி நாளில், மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், நீங்க ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மக்களுக்குச் சேவை செய்யத்தான்" என்றேன். எல்லோரும் கை தட்டினீர்கள். பிறகு டீயும் ஆட்டையாம்பட்டி முறுக்கும் வந்தன. கேள்வி அதோடு மறந்துபோயிற்று.

எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து சங்ககிரி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாயங்கால வெயிலில் அந்த மொட்டைப் பாறை தரையைத் தொடாமல் நிற்பதுபோல் தெரிந்தது. வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவள், ஒரு சின்னப் பெண்ணிடம் இப்படி அப்பட்டமாகப் பொய் சொல்லிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. நான் சேவை செய்ய வரவில்லை. பயந்துகொண்டு வந்தேன். பட்டா மாறுதலும் சான்றிதழும் எப்படிப் போடுவது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இந்தப் பயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டினார். அவர்களுக்கு முந்தைய தலைமுறை இந்தப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போனது. பிறகு ஒரு நாள் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, யார் அங்கே, யார் இங்கே என்று எங்களைப் பிரித்தன. எங்கள் குடும்பம் இங்கே என்று முடிவாயிற்று. எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. கப்பலில் வந்ததை நான் கண்ணால் பார்த்தேனா, அம்மா சொல்லக் கேட்டுக் கேட்டுப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. நிறையத் தண்ணீர், அதன்மேல் வெள்ளையாக வெயில், யாரோ வாந்தி எடுக்கிற சத்தம். அவ்வளவுதான் இருக்கிறது. கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர் இப்போதும் மெதுவாக அசைகிறது.

ராமேசுவரத்துப் பக்கம் மண்டபம் அகதி முகாமில் சில மாதம் இருந்தோம். பிறகு அப்பாவுக்குச் சேலத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. இலங்கையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் ஆகிவிட்டோம். இங்கிருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. பக்கத்துத் தோட்டங்காட்டில் கிழங்கு வெட்டினால் மில் வீடுகளுக்கும் ஒரு கூடை வரும். ஆனால் ஏதாவது சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தால், அப்பா முந்தின நாளே பேச்சைக் குறைத்துவிடுவார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மேசைக்கு முன்னால் கை கட்டி நிற்பார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நீளமான ஒரு பதிவேட்டில் விரலை ஓட்டி எங்கள் பெயரைத் தேடுவார். அந்த விரல் கீழே இறங்க இறங்க அப்பாவின் முகத்தில் இரத்தம் வற்றிக்கொண்டே போகும்.

ஒரு தடவை அப்பாவோடு நானும் போயிருந்தேன். எனக்குப் பத்து வயதிருக்கும். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். எப்படியாவது மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட வேண்டும். பட்டியல் எழுதுகிறவரின் பெயரை எந்தப் பட்டியலிலும் யாரும் தேடமாட்டார்கள். மூன்றாம் வரிசைப் பெண்ணே, உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான்.

தேர்வு எழுதி, வேலையும் கிடைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு முதல் அதிகாரியாக வாய்த்தவர் நாமக்கல் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்காடு வைத்திருந்த குடும்பத்துக்காரர். இளநிலை உதவியாளரான என்னிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். நாலு நிறத்தில் பேனா வைத்திருப்பார். "அம்மிணி, கண்ணுல பாத்தது நாளைக்கு மறந்து போகுமுங்க. எழுதி டிக் போட்டது மறக்காது. பட்டியல்ல கடைசி டிக் உழுந்தாத்தான் நம்ம வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க" என்பார். ஒரு கோடையில் குடிசைகள் தீப்பிடித்தபோது, தப்பி வந்த கூட்டத்தின் நடுவில் நின்று அவர் பெயர் பெயராகப் படித்தார். ஒரு முதியவர் மட்டும் பதில் சொல்லவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், புகைக்குள் ஆட்டுப்பட்டியில் ஒடுங்கிக் கிடந்தார். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அவரை யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

அதனால் பட்டியலைப் பழித்து நான் எழுதுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றிலிருந்து நான் ஒரு பட்டியல் பைத்தியம் ஆனேன். கூட வேலை பார்த்தவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணிக்கொண்டிருப்பேனாம். முப்பது வருடத்துக்கு மேல் என் பட்டியல் எதிலும் பிழை என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

ஓய்வு பெற இரண்டு ஆடி மாதம் மிச்சம் இருந்தது. நான் அப்போது துணை வட்டாட்சியர். காவிரிக் கரையில் ஒரு தறி ஊர் என் பொறுப்பில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம்.

எங்கள் பக்கத்து வெள்ளம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இங்கே ஒரு சொட்டு மழை இருக்காது. எங்கேயோ மேற்கே மழை பெய்து, மேட்டூர் அணை நிரம்பி, வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். வானம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். ஆடிக்காற்றில் கொடித்துணிகள் படபடக்கும். ஆறு மட்டும் சத்தமில்லாமல் படியேறி வந்துகொண்டிருக்கும். அன்று காலை நான் கரையில் நின்றபோது, வேரோடு ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் நிதானமாகப் போயின. நாற்காலி நிமிர்ந்தே போயிற்று, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. தலையாரி வந்து, "அம்மா, ஆரம்பிச்சரலாங்களா?" என்று கேட்ட பிறகுதான் திரும்பினேன். காகிதத்தில் அவர் கிராம உதவியாளர், ஊரில் தலையாரி என்றால்தான் தெரியும். அந்த ஊரில் பிறந்து அங்கேயே தலை நரைத்தவர்.

ஆற்றோரத் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். மதியத்துக்குள் எல்லோரையும் மேட்டில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ முன்னால் போக, நானும் தலையாரியும் கிராம நிர்வாக அலுவலரான ஓர் இளைஞரும் பின்னால் நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயரைப் படிப்பேன். ஆட்கள் மூட்டையோடு தெருவில் இறங்கியதும் டிக் போடுவேன். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான், முடிந்ததா?

கடைசி வீடு ஒரு தறிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றை அறை. பட்டியலில் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அவர் ஊருக்குள் வேறு வீட்டில் இருப்பவர், இதை வாடகைக்கு விட்டிருந்தார். நான் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தேன். பதில் இல்லை. கதவில் பெரிய பூட்டு தொங்கியது. போன் அடித்தது. "பூட்டியுள்ளது, காலி" என்று எழுதி, நாற்பத்திரண்டாவது டிக்கைப் போட்டுவிட்டு, "முடிஞ்சுது சார்" என்றேன்.

அப்போது ஒரு வாசம் வந்தது. எண்ணெயில் ஏதோ வதங்கும் வாசம், கொஞ்சம் காரமாக, மூக்கின் உள்ளே ஏறுகிற வாசம். நன்றாக இருந்தது. காலையிலிருந்து சாப்பிடாதவளுக்கு இன்னும் நன்றாக இருந்தது. அந்த வாசத்தில் ஒரு மூச்சு நின்றுவிட்டு நடந்தேன்.

மண்டபத்தில் மதியம் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து பிரித்தேன். கடலை எண்ணெய் வாசம் வந்தது. கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. காலையில் வந்தது கடுகெண்ணெய். நம் ஊர்க்காரர் யாரும் அதில் சமைப்பதில்லை. வடக்கே ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து தறிக்கு வந்தவர்கள்தான் சமைப்பார்கள். அதுவும் ஆறிப்போன வாசம் இல்லை, அடுப்பில் இருந்த வாசம். பூட்டிய வீட்டில் யார் சமைப்பார்கள்?

மண்டபத்துச் சத்தமெல்லாம் தள்ளிப் போயிற்று. நான் வேறு எங்கேயோ இருந்தேன். தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். நாள் குறிக்கப்பட்டவர்கள் நாள் வந்ததும் கப்பலுக்குக் கிளம்பிவிட வேண்டும். கிளம்பாதவர்களைத் தேடிப் பட்டியலோடு ஆட்கள் வருவார்கள். அதற்காக லயத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் நம் கதவை வெளியே பூட்டி, சாவியை மடியில் கட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விடுவார். வெளியே பூட்டு, உள்ளே ஆள். எங்களுக்கு நாள் வந்தபோது அம்மாவுக்கு நிறைமாதம். பிள்ளை பிறக்காமல் கப்பல் ஏறமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். இருட்டு அறையில், அம்மாவின் கை என் வாய்மேல். அதில் தேயிலைச் சாயத்தின் கசப்பு. வெளியே ஒரு குரல் அப்பாவின் பெயரைப் படித்தது. திட்டுகிற குரல் இல்லை. மரியாதையான, களைத்துப்போன ஒரு குரல். ஐம்பது வருடமாக அந்தக் குரலை நான் மறக்கவே இல்லை. அன்று காலை அந்த வாசலில் நின்று பெயர் படித்த என் குரலும் அச்சாக அப்படித்தான் இருந்தது.

சோற்றைக் கீழே வைத்துவிட்டுத் தலையாரியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்கம்மா, மறுபடியும் எதுக்குங்க அங்க? பூட்டிக் கெடக்குது, நாமதான டிக் போட்டோம்?"

"உள்ள ஆளிருக்கு."

"பூட்டு வெளிய தொங்குதுங்களே."

"அதனாலதான் சொல்றேன். கடப்பாரை ஒண்ணு எடுத்துக்கங்க."

தீயணைப்புப் படகு வேறு ஊரில் இருந்தது. போனில் கேட்டதற்கு ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். காலையில் என்னை அவசரப்படுத்தியவர்களும் அவர்கள் பங்குக்குக் காத்திருக்கத்தான் சொன்னார்கள். அது விதி. பொறுப்பானவர்கள் சொன்ன நியாயமான விதி. ஆனால் கால் மணிக்கு ஒரு சாண் ஏறுகிற தண்ணீருக்கு அந்த விதி தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம்.

தெருவில் முழங்கால் தண்ணீர். காலையில் நடந்த அதே தெரு, இப்போது வெயில் பட்டு வெள்ளித் தகடாக ஜொலித்தது. ஒரு வீட்டுச் செம்பருத்தி தண்ணீருக்குமேல் தலையை மட்டும் நீட்டிப் பூத்திருந்தது. எனக்குப் பயமே இல்லை. கனவில் நடக்கிறவளுக்குப் பயம் இருக்குமா? பக்கத்தில் தலையாரி மட்டும் முருகனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கதவுக்கு முன்னால் போனதும் அவர் கடப்பாரையைப் பூட்டில் ஓர் அடி அடித்தார். உள்ளே கனமாக ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள்.

"நிறுத்துங்க" என்றேன். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உடைத்துத் தள்ளலாம். தலையாரிக்குத் தோளில் பலம் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு நாங்கள் யார்? காலையில் ஒலிபெருக்கியோடு வந்து பெயர் படித்தவர்கள். இப்போது கடப்பாரையோடு வந்திருக்கிறோம். வடக்கத்தியர்களையெல்லாம் கணக்கெடுத்து ஊரைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்று அந்த வாரம் ஒரு வதந்தி செல்போனில் சுற்றியதாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஆனால் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கட்டில் இழுபட்ட சத்தமே எனக்குப் போதும். பயந்தவர்களை இன்னும் பயமுறுத்தினால் அவர்கள் வாசலுக்கு வரமாட்டார்கள், சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு சின்ன சன்னல். அதில் துணியை அடைத்திருந்தார்கள். கீழே ஒரு துவைகல். நான் பட்டியலைத் தலையாரியின் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கல்மேல் ஏறினேன். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி வேறு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

"அம்மா, கொஞ்சம் துணியை எடு" என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கீழே தண்ணீர் கல்லின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு துணி இரண்டு விரல் அளவு நகர்ந்தது. ஒரு கண் தெரிந்தது.

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "பாரு, கையில காயிதம் இல்ல. பேரு கேக்கமாட்டேன். எப்பவும் கேக்கமாட்டேன். என் பேரைச் சொல்றேன், கேளு. தெய்வானை."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை ஆயிரம் பேரிடம் பெயர் கேட்டிருப்பேன். ஒருவரிடமாவது முதலில் என் பெயரைச் சொன்னதாக நினைவில்லை. அந்தக் கண் என்னையே பார்த்தது. "தெய்வானை" என்று மறுபடியும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் அழுவதைத் தலையாரி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார், மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. "சாபி நஹி."

"சாவி இல்லைங்கறாங்கம்மா" என்றார் தலையாரி.

"அவர்… தறி… பாலம்" என்றது அந்தக் குரல். புரிந்துவிட்டது. புருஷன்காரன் காலையில் வெளியே பூட்டிவிட்டு, சாவியோடு அக்கரைத் தறிக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு வெள்ளத்துக்காகப் பாலத்தை மூடிவிட்டார்கள். அவன் அந்தக் கரையில் துடித்துக்கொண்டிருப்பான். இவர்கள் நினைத்தாலும் வெளியே வர முடியாது. அந்தப் பெண்ணே கட்டிலை விலக்கினாள். நாலாவது அடியில் பூட்டு தெறித்தது.

அறைக்குள் கணுக்கால் தண்ணீர். அடுப்பின்மேல் வாணலியில் பாதி வதங்கிய உருளைக்கிழங்கு. அந்தப் பெண்ணும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். பெரியவை இரண்டும் கட்டில்மேல் நின்றன. ஒரு சத்தம் இல்லை. அந்த வயதில் குழந்தைகள் அவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது. கைக்குழந்தையின் வாய்மேல் அவள் கை இன்னும் அப்படியே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள் போல. நான்தான் மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டேன். குழந்தை ஓவென்று அழுதது. அன்று நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான்.

ஆளுக்கொரு குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். தெருமுனைக்கு வரும்போது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மாலையில் மேட்டில் நின்று பார்த்தபோது துவைகல்லும் இல்லை, சன்னலும் இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை மட்டும் தெரிந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். மண்டபத்தில் அந்தக் கிராம நிர்வாக அலுவலர் தனியாக என்னைக் கூப்பிட்டு, "மேடம், அந்தக் கடைசிப் பக்கத்தை மாத்தி எழுதிரலாங்க. காலின்னு போட்ட ஊட்டுல இருந்து நாலு பேரைக் கொண்டாந்திருக்கறோம். நாளைக்குக் கேட்டாங்கன்னா உங்களுக்குத்தானுங்க வம்பு" என்றார். நல்ல பிள்ளை, என்மேல் அக்கறையில்தான் சொன்னார். நான் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கற்பனை செய்யாதீர்கள். வெள்ளைத் தாளை வாங்கி, பேனா மூடியைக் கழற்றி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிழையில்லாத பட்டியல்காரி என்ற பெயரோடு ஓய்வு பெற யாருக்குத்தான் ஆசை இருக்காது? கடைசியில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய பக்கத்திலேயே, "காலி என்று நான் எழுதியது தவறு. உள்ளே நான்கு பேர் இருந்தனர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன், கண்டித்து ஓர் ஓலை வந்தது. அது இன்றும் என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல், பெயர். நிவாரணப் பதிவேட்டில் எழுத அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. "பேரில்லாம எப்படிங்க மேடம் எழுதறது?" என்று அந்த இளைஞர் தலையைச் சொறிந்தார். "ஒரு பெண், மூன்று குழந்தைகள்னு எழுதுங்க. பொறுப்பு என்னுது" என்றேன். பெயர் கேட்கமாட்டேன் என்று சொல்லித்தான் கதவைத் திறக்க வைத்தேன். அந்த வார்த்தையை நாமே மீறினால் அடுத்த வெள்ளத்துக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியும் கண்ணும் காதும் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"லயத்துல வந்து அப்பா பேரைப் படிச்சாரே ஒருத்தர், அவரு மாதிரியே நின்னேம்மா. பூட்டைப் பாத்துட்டு காலின்னு எழுதிட்டு வந்துட்டேன்."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மனுசனுக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நாம உள்ள இருந்தது. எனக்கு வலி கண்டிருந்துச்சு. அடக்கமாட்டாம ஒருதரம் முனகிட்டேன். அவரு படிக்கிறதை நிறுத்திட்டாரு. பூட்டைத் தொட்டு ஆட்டிப் பாத்தாரு. அப்புறம் கூட வந்தவங்கிட்ட, 'இங்க ஆளில்லை, எழுதிக்கோ'ன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு. உன் தம்பி அதனாலதான் நம்ம வீட்டுல பொறந்தான். இல்லாட்டி கப்பல்லதான்."

"இத்தனை வருசத்துல எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையேம்மா?"

"சொன்னா? அவரு வேலைக்கு ஏதாச்சும் வந்துட்டா?"

அந்த மனிதர் இப்போது உயிரோடு இருந்தால் நூறு வயதிருக்கும். அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று அம்மா அரை நூற்றாண்டாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அதிகாரியும் நானும் எழுதியது ஒரே வரி. உள்ளே ஆள் இருப்பது தெரிந்து அவர் எழுதினார், தெரிந்துகொள்ளாமலே நான் எழுதினேன். அவர் வாசலில் நின்று காது கொடுத்திருக்கிறார். நான் போனுக்குக் காது கொடுத்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான், பிள்ளைகளே, நம் வேலை முழுவதும் இருக்கிறது. எந்தச் சுற்றறிக்கையும் அதைச் சொல்லித்தராது.

"அந்தப் புள்ளைங்களுக்கு என்ன சோறு போட்டீங்க?" என்று கேட்டார் அம்மா.

"எலுமிச்சை சாதம்."

"நல்லா போட்டீங்க. அரண்டு கெடக்கிற புள்ளைங்க வயித்துக்குப் புளிப்பு ஆகுமா?"

மறுநாள் காலையில் அம்மா கோதுமை மாவில் தேங்காய் போட்டுப் பிசைந்து, தோட்டத்தில் சுடுவதுபோல் தடிமனாக ரொட்டி சுட்டார். தூக்குப் போசியில் போட்டுக்கொண்டு, என்னோடு ஆட்டோவில் மண்டபத்துக்கு வந்தார். அந்தப் பெண் தூணோரத்தில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா நேராகப் போய்ப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்து முதலில் தான் ஒரு வாய் தின்றார், பிறகு நீட்டினார். நான் பதிவேட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மண்டபத்துச் சன்னல் வழியாக வெயில் அவர்கள்மேல் சாய்ந்து விழுந்திருந்தது. ஒரு தடவை அம்மா கையை உயர்த்திக் கடலைக் காட்டுவதுபோல் ஏதோ காட்டினார். அந்தப் பெண்ணும் கையை உயர்த்தி வேறு திசையில் ஏதோ காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கைக்குழந்தை அம்மாவின் மடிக்கு எப்போது போயிற்று என்று நான் கவனிக்கவில்லை.

மத்தியானம் பாலம் திறந்து, அவள் புருஷன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகுதான் அம்மா எழுந்தார். திரும்பும்போது ஆட்டோவில் நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தியேம்மா. அந்தப் பொண்ணு பேரு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

அம்மா மடியில் காலித் தூக்குப் போசியை அணைத்துக்கொண்டு, வெளியே ஓடுகிற வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன பேரும்மா?"

அம்மா திரும்பி, என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தார்.

"உனக்கெதுக்கு? நீ கவருமெண்டு" என்றார்.